வண்டிக்கு அடியில் சிவப்பாய் ஒழுகியது

முறைப்படி ஒரு காரியம் செய்பவனை இந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி, ராட்சச டயர்கள் போட்டு, வானத்தைத் தொடும்படி தூக்கி வைத்திருந்தேன். (எங்கள் மேனாம்பேட்டில் அதை வைத்து ஏற மலை எங்கே என்று கேட்காதீர்கள். அப்பா ஏற்கெனவே கேட்டுவிட்டார்.) மலை இல்லாததால் திருநின்றவூர் ஏரிக்கரைச் சேற்றில் இறக்கினேன். இறங்கியது. ஏறவில்லை. இன்ஜினும் நின்றுவிட்டது.

போன் செய்ததும் இழுவை வண்டியோடு டிரைவர் சேகர் வந்தார். கொக்கி மாட்டி, என் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, வீடு வரை இழுத்து வந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இழுத்து வந்த வண்டியில் சேதம் பார்ப்பது எப்படி என்று வீடியோவாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆவடி வருவதற்குள் நிபுணன் ஆகிவிட்டேன்.

வீட்டு வாசலில் கொக்கியைக் கழற்றியதும், "அண்ணே, நான் செக் பண்ணாம நீங்க கிளம்பக் கூடாது" என்றேன்.

"நல்லா பாத்துக்கோ நைனா. நா ஒரு டீ அட்ச்சிட்டு வரேன்" என்று தெருமுனைக்குப் போனார். நான் டார்ச்சும் பாயும் தேடி உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்து, பாயை விரித்து அடியில் நுழைந்தேன். பம்பர் சரி. ஆக்சில் சரி. (கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.) அப்போது மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. சிவப்பு! பவர் ஸ்டியரிங் ஆயில் சிவப்பாக இருக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். முகர்ந்தேன். எரிந்த வாசனை வேறு!

டீ குடித்துவிட்டு வந்தவரைத் தெருவே கேட்கும்படி பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டியரிங் லைனை ஒடச்சிட்டீங்க!"

"இன்னா சார் பேசுற? நா ஸ்டியரிங்காண்ட கையே வெக்கல!"

"அப்ப இது என்ன ஒழுகுது?"

குனிந்து பார்த்தவர் முகம் வெளுத்தது. "மெய்யாலுமே ஒழுவுதே..."

அது போதாதா? அவருடைய ஓனருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் ஓனர் குரல் கேட்டது: "சேகரு, வண்டிய ஷெட்டுல வுட்டுட்டு ஊட்டுக்குப் போ. நாளைலேர்ந்து வராத."

சேகர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். நான் இளகவில்லை. வீடியோவில் இளகச் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். கையில் காலித் தாம்பாளம்.

"ஆயிலா? ஆரத்திடா அது!"

"எந்த ஆரத்தி?"

"சேத்துல மாட்டிப் பொழச்சி வந்த வண்டியாச்சே, கண்ணு பட்டிருக்கும்னு நீ உள்ள போனப்ப சுத்தினேன். மூஞ்சில கொஞ்சம் தெளிக்கலாம்னா எட்டுதா? பனமரம் மாதிரி தூக்கி வெச்சிருக்க! அண்ணாந்து வீசினேன், மொத்தமும் முன்னாடி கம்பிக்குள்ள பூந்துடுச்சு."

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். எரிந்த வாசனை, கற்பூரம்.

சேகர் என் மூக்கையே பார்த்தார். "ஆரத்திக்கா சார் என் வேலைய காலி பண்ண?"

ஓனருக்கு மறுபடி போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். நம்பவில்லை. அம்மா போனைப் பிடுங்கினாள். "தம்பி, என் புள்ள ரொம்பப் படிச்சவன். அவன் பேச்ச எடுத்துக்காதீங்க. டிரைவர நாளைக்கு வரச் சொல்லுங்க."

உடனே நம்பிவிட்டார்! எனக்கு ஆறாதது இதுதான். நியாயத்தைச் சொல்லுங்கள்: வண்டிக்குள் யாராவது ஆரத்தி ஊற்றியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி எந்த வீடியோவில் வருகிறது?

போன மாதம் எனக்குக் கல்யாணம். வீட்டு வாசலில் எங்களை நிறுத்தி அத்தை ஆரத்தி சுற்றியதுதான் தாமதம், என் தங்கை பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, போன் டார்ச்சை என் வேட்டி ஓரத்தில் அடித்துப் பார்த்துவிட்டு அறிவித்தாள்: "மாப்பிள்ளைக்கு ஸ்டியரிங் ஆயில் லீக்கு!"

என்ன கதை என்று புது மனைவி கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மூன்று பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தங்கையிடம் கை நீட்டி, அந்த டார்ச்சை வாங்கி, வெளிச்சத்தை என் மூக்கின் மேல் திருப்பினாள்.