கோயில் வாசலில் ஒரு எம்.பி.ஏ.

இடமில்லை என்ற மின்னஞ்சல் வந்த நேரத்தில், புனிதன் தன் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தான்.

படம் என்றால் பாஸ்போர்ட் அளவு என்று நினைத்துவிடாதீர்கள். ரவாங்கில் அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பின் கோயில் வாசலில் ஆறடிக்குப் பத்தடி பேனர். கோட்டும் டையுமாய்ப் புனிதன் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில், 'புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. பயிலும் எங்கள் புனிதனை வாழ்த்துகிறோம்'.

கைப்பேசியில், 'வருந்துகிறோம்'.

இதில் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர்கள் 'உங்கள் விண்ணப்பம் கிடைத்ததில் மகிழ்ச்சி' என்றுதான் எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சிக்கு மேல் புனிதன் படிக்கவில்லை. அவ்வளவு பெரிய இடமே மகிழ்ந்துவிட்டது, இனி என்ன என்று மனைவி மோகனாவிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அந்த நேரம் பார்த்து மோகனாவின் தம்பி புவனேசனும் வீட்டில் இருந்து தொலைத்தான். அவனுக்குப் பேனர் அடிக்கும் கடை. அவன் காதில் நல்ல செய்தி விழுந்தால், மறுநாள் அது ஏதாவது ஒரு கம்பத்தில் தொங்கும்.

"என்ன மாமா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றான் புவனேசன்.

"வெயில் லா."

"கெர்லிங்லேருந்து பெரியப்பா வீட்டு ஆளுங்க வேன் பிடிச்சு பேனர் பாக்க வந்திருக்காங்க. வாங்க, ஒரு போட்டோ."

புனிதன் போய் நின்றான். மேலே ஒரு புனிதன், கீழே ஒரு புனிதன். மேலே இருந்தவன் நிம்மதியாகச் சிரித்தான்.

மோகனாவிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வீட்டுக்குப் போனான். விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பிக் கொடுத்தவளே அவள்தான். அவளுக்கு ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை, ஆங்கிலம் சரளம். புனிதனோ ஓடுகள் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மூன்று வரி எழுதினால் நான்கு வரி அழிப்பவன்.

அவள் அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சனிக்கிழமைதானே கிளாஸ்? எத்தனை மணிக்கு?"

அந்தச் சட்டையின் காலரைப் பார்த்தான். பதினைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவனை இத்தனை பெருமையாகப் பார்த்ததே இல்லை என்று அவனுக்குப் பட்டது.

"எட்டு மணிக்கு," என்றான்.

முடிந்தது கதை.

மோகனாவும் சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கமாட்டாள். தோழி புஷ்பாவோடு கேக் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதனால் அவனைப் பின்தொடர ஆளில்லை. ஆனால் எட்டு மணிக்கு டை கட்டிக் கிளம்பியவன் ஐந்து மணி வரை எங்கே போவது? ரவாங்கில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும், "என்ன எம்.பி.ஏ., கிளாஸ் இல்லையா?" என்று கேட்க ஒருவன் இருப்பான். ஆகவே உலு யாம் பக்கம் போனான். அங்கே காசு கட்டி மீன் பிடிக்கும் குளம் ஒன்று இருந்தது. டை கட்டிக்கொண்டு தூண்டில் போட்ட ஒரே ஆள் அவன்தான். மீன்கூடச் சந்தேகப்பட்டுக் கடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் மோகனா மூக்கைச் சுளித்தாள். "சட்டையில மீன் வாடை அடிக்குதே."

"கேன்டீன்ல மீன் சம்பால்."

"ஆளும் கறுத்துப் போயிட்டீங்க. அங்க ஏசி இல்லையா?"

"வெளியில உக்காந்து படிக்கிறோம். இயற்கையோட."

"ஓ," என்றாள் மோகனா. அதற்குமேல் கேட்கவில்லை. தன் பேச்சுத் திறமையை நினைத்துப் புனிதன் தானே வியந்துகொண்டான்.

கேள்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு ஞாயிறு காலை, தோசை சாப்பிடும்போது மோகனா கேட்டாள்: "ஏங்க, ஒரு கடைக்குக் கூட்டம் வரணும்னா, விலைய குறைக்கிறது நல்லதா, சாமான நல்லாக்குறது நல்லதா? உங்க படிப்புல என்ன சொல்லுவாங்க?"

புனிதன் இன்னொரு தோசையை எடுத்துப் போட்டுக்கொண்டான். "ரெண்டையும் செய்யணும். ஆனா வேற வேற நாள்ல."

"வேற வேற நாள்ல?"

"செவ்வாய் விலை, வியாழன் சாமான்."

அவள் அவனையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரிதாங்க," என்று சட்னியை நகர்த்தினாள். அன்றிலிருந்து வாரம் ஒரு கேள்வி வந்தது. புனிதனும் சளைக்காமல் வாரம் ஒரு சித்தாந்தத்தைக் கண்டுபிடித்தான்.

அதற்குள் பேனர் வேறொரு வேலை செய்துவிட்டது. கோயில் தலைவர் கணேஸ்வரன் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, திருவிழா அன்னதானத்துல வருசா வருசம் தள்ளுமுள்ளு. நீ படிக்கிறதே நிர்வாகம்தானே. இந்தத் தடவ பொறுப்ப நீ எடுத்துக்க."

மறுத்தால் சந்தேகம் வரும். எடுத்துக்கொண்டான். ஆளுக்கொரு நம்பர் சீட்டு, ஐம்பது ஐம்பது பேராகப் பந்தி என்று அறிவித்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டை ஆண்களுக்கு ஒரு வரிசையிலும் பெண்களுக்கு ஒரு வரிசையிலும் கொடுத்ததால், புருசன் முதல் பந்தியிலும் பெண்டாட்டி ஏழாவது பந்தியிலும் போய் விழுந்தார்கள். எந்தப் பெண்டாட்டி விடுவாள்? சாம்பார் வாளி ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம். அமராவதி என்ற அம்மாள் தன் சீட்டைக் கிழித்துப் புனிதன் கையிலேயே கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரை இலையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

தன்னை விரட்டிவிடுவார்கள், தப்பித்தோம் என்றே புனிதன் நம்பினான். கணேஸ்வரன் அவன் தோளைத் தட்டினார்.

"நமக்கு ஒன்னும் புரியல. அப்படின்னா பெரிய படிப்புதான். திருவிழா மலர்ல உன் படம் முழுப் பக்கம் போடுறோம். யுனிவர்சிட்டி வாசல்ல, குடும்பத்தோட நிக்கிற மாதிரி எடுத்துக் குடு."

அடுத்த ஞாயிறு காலையே புவனேசன் கேமராவோடு வந்துவிட்டான். மோகனா தலைவலி என்றாள், சேலை சரியில்லை என்றாள், போட்டோவே பிடிக்காது என்றாள்.

"அக்கா இல்லாம என்ன ஃபேமிலி போட்டோ? ஏறுக்கா," என்றான் புவனேசன்.

கடைசியில் முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏறினாள். எம்.பி.ஏ.காரன் மனைவிக்கு வந்த ஸ்டைல் என்று புனிதன் நினைத்தான். இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று அழுகையே வந்துவிட்டது.

"மோகனா, ஒன்னு சொல்லணும்," என்றான் நெடுஞ்சாலையில்.

"ரோட்ட பாத்து ஓட்டுங்க."

"முக்கியமான விசயம்."

"எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாங்க." அவள் குரலும் என்னவோபோல் இருந்தது.

பல்கலைக்கழக வாசலில் தடுப்புக் கம்பத்தருகே ஒரு தமிழ்க் காவலர் கையைக் காட்டினார். புனிதன் கார்க் கண்ணாடியை இறக்கினான். கோட்டைப் பின்சீட்டில் தொங்கவிட்டு, வெள்ளைச் சட்டையில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"ஸ்டூடண்ட் கார்டு?"

"கார்டு... வீட்ல இருக்கு அண்ணே. எம்.பி.ஏ."

"எம்.பி.ஏ. ஆளுங்க அத்தன பேரும் எனக்குத் தெரியும். உங்கள பாத்ததே இல்லையே."

"இவர தெரியாதா?" என்று பின்னாலிருந்து புவனேசன் தலையை நீட்டினான். "எங்க கோயில்ல பேனரே இருக்கு."

புனிதன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தான். இனி ஒரு பொய்கூட அவனிடம் மிச்சமில்லை.

"மோகனா, நான் இங்க படிக்கல. அவங்க என்னை எடுக்கவே இல்ல. சனிக்கிழமை எல்லாம் மீன் பிடிக்கத்தான் போனேன். அதுவும் ஒன்னும் மாட்டல. மன்னிச்சிரு."

மோகனா மெதுவாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

காவலர் குனிந்து அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சட்டென்று கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

"அட, நீங்களா மேடம்? நேத்துத்தானே கிளாஸுக்கு வந்தீங்க? எப்பவும் கிரேப் டாக்சிலதான் வருவீங்க, இன்னிக்கு டிரைவர் வச்சிட்டீங்களா?"