வண்டி நடுக்கம் பற்றி வள்ளூர் மாப்பிள்ளைக்கு

வியாசர்பாடி,
வியாழக்கிழமை, காலை.

வள்ளூரில் வசிக்கும் என் தங்கை அன்புக்கரசியின் கணவர் திரு. பாரி அவர்களுக்கு, மூத்த மைத்துனன் சின்னப்பையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரமாபாயும் மகள் யசோதராவும் நலம். நீங்கள் கொடுத்த வண்டி மட்டும் நலமில்லை. அங்கே அன்புவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, உங்கள் பெயரை விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ரமாபாய் முறைத்தாள். ஆகவே நீங்களும் நலமாக இருக்கவும்.

முப்பது வருஷமாக உங்களை 'வா மாமு, போ மாமு' என்று கூப்பிட்டவன் இந்தக் கடிதம் முழுக்க 'நீங்கள்' என்று எழுதுகிறேன். கோபம் எவ்வளவு என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளவும். போன் போட்டால் பாதியில் வெட்டிவிடுவீர்கள், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. விஷயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் புது வீட்டில் பால் காய்ச்சும்போது நாங்கள் இருக்க மாட்டோம். தாய்வீட்டுச் சீரோடு முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவன் நான்தான், அது தெரியும். ஆனால் கெட்டுப்போன வண்டியை நல்ல வண்டி என்று சொல்லி என் மகள் தலையில் கட்டியவர் வீட்டுப் பால் என் தொண்டையில் எப்படி இறங்கும்?

பொங்கல் முடிந்து நீங்கள் பெரிய லாரி எடுத்தபோது, "யசோ சூப்பரா ஓட்டுது மச்சான், இந்தப் பிக்கப்ப அதுவே வச்சிக்கட்டும்" என்று சாவியை அவள் கையில் கொடுத்தீர்கள். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது, அதை மறுக்கவில்லை. மறுநாளே பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். ஐயோ, என்ன கலீஜ்! வள்ளூர் அனல்மின் நிலையத்து ஆறு வருஷச் சாம்பல் அடிப்பக்கம் முழுக்க அப்பிக்கிடந்தது. பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் இடத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். வெல்டர் வைத்த தையலைத் தட்டிச் சுத்தம் செய்வதும், தகடு நகராமல் இருக்க அவன் தற்காலிகமாக ஒட்டி வைக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைக் கடைசியில் தட்டி எடுப்பதும்தான் என் வேலை. ஒரு துண்டை மறந்துவிட்டால்கூட மேஸ்திரி பத்து பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார். உங்கள் வண்டியில், இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற அந்த நீளமான குழாய் ஷாஃப்ட்டின் மேல், எவனோ ஒரு சோம்பேறி விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டை ஒட்டிவிட்டு எடுக்காமலே போயிருந்தான். அந்த அசிங்கத்தை வைத்துக்கொண்டே நீங்களும் ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறீர்கள்! என் பழைய சுத்தியால் ரெண்டே தட்டு, விழுந்துவிட்டது. பிறகு எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. உங்கள் பராமரிப்பு லட்சணத்துக்குச் சாட்சியாக அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஃபேன் காற்றில் இந்தத் தாள் பறக்காமல் இருக்க இப்போது அதைத்தான் மேலே வைத்து எழுதுகிறேன். நேரில் வந்தால் காட்டுவேன், நான்தான் வரப்போவதில்லையே.

யசோதராவுக்கு முட்டை லோடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். கல்மண்டபத்தில் மொத்த வியாபாரம் செய்யும் வெள்ளத்துரை அண்ணாச்சி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் கடைகளுக்குப் போடச் சொல்லி அவளை நம்பிக் கொடுத்தார். பொம்பளைப் பிள்ளை ஓட்டுமா என்று மற்ற டிரைவர்கள் கேட்டதற்கு, "முட்டையை யாரு பதனமா வைப்பா, நீங்களாடே?" என்று அவர்கள் வாயை அடைத்தவர். முதல் நாளே அந்த நம்பிக்கைக்கு வேட்டு. வேகம் ஐம்பதைத் தாண்டினால் போதும், வண்டி குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது. மெதுவாகப் போனால் கடை திறக்கும் நேரத்துக்குள் லோடு போய்ச் சேராது. எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் நாலு அட்டை முட்டை காலி. உடைந்ததை எல்லாம் யசோ வீட்டுக்குக் கொண்டுவர, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் ஆம்லெட், மத்தியானம் முட்டைக் குழம்பு, ராத்திரி பொரியல். "ஏம்மா, நான் முட்டை அனுப்புதேனா, ஆம்லெட் அனுப்புதேனா?" என்று அண்ணாச்சி கேட்டாராம். அதை வந்து சொல்லும்போது யசோ முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, எங்கே கோளாறு என்று பார்த்தேன். சக்கரம் என்றேன். முன் சக்கரத்தைப் பின்னால் மாட்டி, பின் சக்கரத்தை முன்னால் மாட்டினோம், நடுக்கம் போகவில்லை. இன்ஜின் என்றேன். அதற்கு யசோ சொன்னாள், "நைனா, ஸ்டீரிங் நடுங்கல, சீட்டுதான் நடுங்குது. அம்பதுல போவும்போது நியூட்ரல் போட்டு வுட்டாலும் நடுங்குது. இன்ஜினுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல." அதோடு நிற்காமல் உடைந்த முட்டைகளை வைத்து ஒரு கணக்கே போட்டுவிட்டாள். முன் சக்கரத்துக்கு மேலே இருந்த அட்டையில் சேதமில்லை, கடைசியில் இருந்ததிலும் இல்லை. நட்டநடுவில் வைத்ததுதான் நொறுங்கியிருக்கிறது. ஆக, நோய் வண்டியின் வயிற்றில் இருக்கிறது.

எனக்குக் காதால் கேட்டால்தான் திருப்தி. மறுநாள் பின்னால் முட்டைகளுக்கு நடுவில் படுத்து, தளத்தில் காதை வைத்துக்கொண்டே போனேன். திருவொற்றியூர் தாண்டி போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார். "பெரியவருக்கு இன்னாமா ஆச்சு? ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறியா?" "எனக்கு ஒண்ணுமில்ல சார், வண்டிக்குத்தான் ஒடம்பு சரியில்ல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, முன்னால் போய் உட்காரச் சொன்னார். ஆனால் காது ஏமாறவில்லை. வண்டி கிளம்பும்போதெல்லாம் வயிற்றுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். ஐம்பதுக்கு மேல் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

அதன் பிறகுதான் திருவொற்றியூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வால்டரிடம் போனோம். அவர் அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் முறுக்கினார். 'டக் டக்.' "இங்க பாருங்க பெரியவரே, கிராஸு தேஞ்சி போயி லொடலொடன்னு ஆடுது." ஷாஃப்ட் இன்ஜின் பக்கத்துத் தண்டோடு சேருகிற மூட்டில் கூட்டல் குறி மாதிரி ஓர் இரும்பு இருக்கிறது. அதைத்தான் கிராஸ் என்கிறார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அந்த மூட்டு வளைந்து கொடுத்துக்கொண்டே சுற்றும். அதற்கு வேளாவேளைக்கு கிரீஸ் வைக்க வேண்டும். உங்கள் கிராஸைக் கழற்றியபோது கிரீஸுக்குப் பதிலாகச் செந்தூரம் மாதிரி துரு கொட்டியது. புது கிராஸ் போட்டோம். 'டக்' நின்றது. நடுக்கம் நிற்கவில்லை. வால்டர் தலையைச் சொறிந்தார். "யாருனா ஷாஃப்ட்டக் கழட்டி மாட்டுனாங்களா?" இல்லை என்றேன். "எதுனா வெல்டிங் வேல செஞ்சீங்களா?" சத்தியமாக இல்லை என்றேன். "அப்ப எங்கியோ இடிச்சி அடிபட்டிருக்கும். பழைய ஓனரக் கேளுங்க."

கேட்டேன். அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆறு வருசம் ஓட்னேன் மச்சான், ஒரு நாளு நடுங்கல. உன் கைக்கு வந்த பொறவுதான் நடுங்குது. நீ இன்னா பண்ண, அத மொதல்ல சொல்லு." என்னைப் பார்த்து அந்தக் கேள்வி! பாய் விரித்துப் படுத்துக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைத்தவனைப் பார்த்து! நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். பொய்யர் என்று சொன்னது அதிகப்படிதான். அதன் பிறகு ரெண்டு மாதமாக நீங்களும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அன்புவும் கூப்பிடுவதில்லை. தினம் காலையில் டீ போட்டுக்கொண்டே போன் செய்து, 'அண்ணா, எந்திரிச்சிட்டியா?' என்று கேட்பாள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அந்தக் கேள்வியில்தான் எனக்கு விடியும். இப்போது போனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். நேற்று அதைப் பார்த்துவிட்டு ரமாபாய் சொன்னாள்: "நீ ஒரு பக்கம் இழுக்குற, உன் மாப்ள ஒரு பக்கம் இழுக்குறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிகினு சுத்துறது அந்தப் பொண்ணுதான். கிராஸுக்கு கிரீஸு வைக்கலன்னு ஊரெல்லாம் சொல்றியே, அவளுக்கு நீ எப்ப வெச்ச?" எனக்கு வந்த கோபத்தில் முட்டைக் குழம்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது.

எப்படியும் முடிவு முடிவுதான். நாளை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அண்ணாச்சி கெடு வைத்திருக்கிறார். நாளைக்கும் முட்டை உடைந்தால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். என் மகள் ஆசையாகப் பிடித்த வேலை உங்களால் போகிறது. ஷாஃப்ட்டை எங்கே, எதில் இடித்தீர்கள் என்று ஒரு வரி உண்மையை எழுதினால் மட்டுமே உங்கள் வாசலை மிதிப்பேன். அன்புவுக்கு என் ஆசிகள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். புது வீட்டில் தண்ணீரும் வெளிச்சமும் குறையாமல் இருக்கட்டும். உங்களுக்கும் சேர்த்து ஒரு ஜெய்பீம்.

இப்படிக்கு,
தவறேதும் செய்யாத,
சின்னப்பையன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை, சாயங்காலம்):

மாமு, நேற்று இதைத் தபாலில் போடுவதற்காக யசோ எடுக்க வந்தாள். மேலே இருந்த இரும்புத் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது இன்னா நைனா, அடிப்பக்கம் மட்டும் குழா மாதிரியே வளைஞ்சி கீது? எங்க கெடச்சுது?" பெருமையாகச் சொன்னேன். அவள் துண்டை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வால்டர் பட்டறைக்குப் போனாள். வால்டர் ஷாஃப்ட்டில் நான் அடித்த பெயின்டைச் சுரண்டினார். தழும்பு தெரிந்தது. துண்டை அதன் மேல் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அப்படியே ஒரு வளையம் போட்டு இறுக்கி, எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பினோம். அறுபதிலும் வண்டி நடுங்கவில்லை. நான்தான் நடுங்கினேன். வேகமாகச் சுற்றும்போது ஒரு பக்கம் கனம் கூடிவிடாமல் இருக்க, கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு ஒட்டிய எடையாம் அது. "பெரியவரே, வெல்டிங் வேல எதுனா செஞ்சீங்களான்னு அன்னிக்கே கேட்டேனே?" என்றார் வால்டர். "செய்யல தம்பி, எடுத்துட்டேன்" என்றேன். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

இன்றைக்கு ஒரு முட்டைகூட உடையவில்லை. லோடு யசோவுக்கேதான். "இன்னைக்கு வீட்டுல என்ன குழம்பு வைப்பீய?" என்று அண்ணாச்சி கேட்டாராம்.

மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடப் போனேன். யசோ பிடுங்கிக்கொண்டாள். "நீ இன்னா பண்ணன்னு மாமா ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டாரு. இதான் பதிலு. அப்படியே கொண்டுபோயி அவர் கையில குடு." அதனால் இதைத் தபாலில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே சீர்த் தட்டுகளோடு அதே வண்டியில் வருகிறோம். நான் பின்னால் முட்டை இருந்த இடத்தில் உட்கார்ந்து வருவேன், அதுதான் எனக்குச் சரியான இடம். பொய்யன் என்று சொன்னதற்கு என்னை மன்னிச்சிடு மாமு. கிரீஸ் வைக்காதது மட்டும் உன் தப்புதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். திங்கட்கிழமை காலையில் அன்பு டீ போடும்போது போனை எடுத்து அவள் கையில் கொடு, நான் எழுந்துதான் இருப்பேன்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இரும்புத் துண்டு வண்டிக்கே போய்விட்டது, ஃபேன் காற்றில் தாள் நிற்கமாட்டேன் என்கிறது, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.