பொழுதுபோக்கு: தேனீ வளர்ப்பு

நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் அனுப்பி, நாற்பத்திரண்டு 'வருந்துகிறோம்' கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்த கோல்பிக்கு, ஒருவழியாக ஒரு நேர்காணல் அழைப்பு வந்தது. அவனுடைய அக்கா ஜானெல் சமையலறையில் நின்றபடி அதைச் சத்தமாகப் படித்தாள்.

"'வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரவும். தங்களைப் போலவே எங்கள் மேலாளர் திரு. ஹால்வர்சனும் தேனீ வளர்ப்பவர் என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி.' ஏன்டா, நீ எப்படா தேனீ வளர்த்தே?"

"நானா? ரெண்டு தங்கமீனை ஒரே வாரத்துல சாகடிச்சவன் நான்!"

விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தான். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அலுவலகம் கடைசி வருட மாணவர்கள் எல்லோருக்கும் விண்ணப்ப மாதிரித் தாள் ஒன்று கொடுத்திருந்தது. அது எந்தக் காலத்தில் தயாரித்ததோ, ஃபேக்ஸ் எண்ணுக்குக்கூட அதில் ஓர் இடம் இருந்தது. பெயரை மாற்று, படிப்பை மாற்று, அனுப்பு. கோல்பி எல்லாவற்றையும் மாற்றியிருந்தான், கடைசி வரியைத் தவிர. 'பொழுதுபோக்கு: தேனீ வளர்ப்பு, இரண்டு கூடுகள்.'

"நாற்பத்து மூணு பேருக்கும் இதையேவா அனுப்பினே?" என்றாள் ஜானெல்.

"கடைசி வரியை யாரு படிக்கிறாங்கக்கா!"

"ஒருத்தர் படிச்சிட்டாரே!"

சிரிக்க முடியாத நிலைமை. ஜூன் முதல் தேதிக்குள் வேலை கிடைக்காவிட்டால் அக்கா புருஷன் ரிக்கின் பண்ணையில் சேர்ந்துவிடுவதாக கோல்பி வாக்குக் கொடுத்திருந்தான். அங்கே எட்டாயிரம் வான்கோழிகள். ரிக் இப்போதே அவன் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வாசலில் வைத்துவிட்டார். கோல்பி படித்ததோ புள்ளியியல். அழைத்திருப்பதோ பயிர்க் காப்பீட்டு நிறுவனம். எந்த ஊரில் எந்த வாரம் ஆலங்கட்டி மழை விழும் என்று கணக்குப் போடும் வேலை. அயோவா மாநிலத்தில் அவன் மனசார ஆசைப்பட்ட ஒரே நாற்காலி அதுதான்.

"போன் பண்ணி உண்மையைச் சொல்லிடு. நல்லதாப் போயிடும்," என்றாள் ஜானெல்.

பண்ணினான். வரவேற்பில் இருந்த மாவிஸ் என்ற அம்மாள் எடுத்தார்.

"மேடம், அந்தத் தேனீ விஷயமா ஒரு சின்னத் திருத்தம்..."

"ஓ, நீங்கதானா அந்தத் தம்பி! முந்நூறு விண்ணப்பத்துல உங்களோடதைப் பார்த்ததும் ஹால்வர்சன் சார் நாற்காலியை விட்டே எழுந்துட்டார். அரை மணி நேரம்னு இருந்ததை ஒன்றரை மணி நேரமா மாத்தச் சொல்லிட்டார். சரி, என்ன திருத்தம்?"

"இல்ல... ரெண்டு கூடு இல்ல..." என்று இழுத்தான் கோல்பி.

"அதுக்கும் மேலயா! சொல்லிடறேன், ரொம்ப சந்தோஷப்படுவார்." போன் வைக்கப்பட்டது.

ஜானெல் தலையில் அடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லுடான்னா கூட்டை அதிகமாக்கிட்டு வர்றியே!"

இனி ஒரே வழிதான். நான்கு நாளில் தேனீக்காரன் ஆகிவிடுவது.

அவர்கள் போகும் தேவாலயத்தில் லொரெட்டா என்றொரு பெண்மணி தேன் விற்பார். ஊருக்கு வெளியே நாற்பது கூடுகள் வைத்திருந்தார். புதன்கிழமை காலை கோல்பி அங்கே போய் நின்றபோது அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்டர்வியூவுக்குத் தேனீயா? இந்தக் காலத்துல என்னென்ன கேக்கறாங்கப்பா!" என்று வலை முகமூடி ஒன்றை அவன் தலையில் மாட்டினார். "பெட்டிக்குள்ள முப்பதாயிரம் பேர் இருக்காங்க. அவங்க வேலையைக் கெடுக்காம இருந்தா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அவர் புகை போட்டு மூடியைத் திறந்தார். கோல்பி எட்டிப் பார்த்தான். பயந்துகொண்டுதான் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் பயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அந்த ஒரு தேனீ மட்டும் ஏன் அப்படி ஆடுது?"

"பூ எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு மத்தவங்களுக்குச் சொல்லுது."

"ஆடியே சொல்லுமா? தூரத்தைக் கூடவா?"

"வாலை ஆட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் ஓடுதோ, பூ அவ்வளவு தூரம்."

"இதுல யாரு ஆம்பளை?"

"அந்தக் குண்டன். வேலை வெட்டி கிடையாது. இலையுதிர் காலத்துல பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து வெளிய தள்ளிடுவாங்க."

கோல்பிக்கு ரிக்கின் ரப்பர் பூட்ஸ் ஞாபகம் வந்தது. ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. பனிக்காலத்தில் என்ன செய்யும்? ராணி செத்துப்போனால்? புகைக்கு ஏன் அடங்குகிறது? இப்படியே இரண்டு மணி நேரம் லொரெட்டாவைத் துளைத்தெடுத்தான். இன்னும் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, வாயைத் திறந்து, "அடேயப்பா!" என்றான்.

அவ்வளவுதான். சுளீரென்று இடது இமையில் ஒன்று. உதட்டில் இரண்டு.

லொரெட்டா அவனை இழுத்துக்கொண்டு ஓடினார். "காலைல என்ன தின்னே?"

"வாழைப்பழம்."

"அட ஆண்டவனே! இதுங்க கோபம் வந்தா விடற வாசனையும் வாழைப்பழ வாசனையும் ஒண்ணுப்பா! வாழைப்பழம் தின்னுட்டு எந்தத் தேனீக்காரனாவது கூட்டுக்கிட்ட வருவானா?"

வெள்ளிக்கிழமைக்குள் வீக்கம் குறையும் என்று வீட்டில் ஐஸ் வைத்தார்கள். குறைந்தது. உதடு சரியாகிவிட்டது. இடது கண் மட்டும் பாதி மூடிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் கண்ணடிப்பது போலவே நின்றுவிட்டது. அந்தக் கண்ணோடுதான் கோல்பி ஹால்வர்சனின் அறைக்குள் நுழைந்தான்.

ஹால்வர்சன் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒல்லியான மனிதர். சுவரில் கோல்பி படித்த அதே பல்கலைக்கழகத்தின் பட்டம். அலமாரி முழுக்கத் தேனீ படம் போட்ட கோப்பைகள், தேனீ பொம்மைகள், ரிப்பன் கட்டிய தேன் ஜாடிகள். ஒன்றையும் பிரித்ததாகத் தெரியவில்லை. மேசை மேல் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கொட்டிடுச்சா?" என்றார் ஹால்வர்சன், கண்ணைப் பார்த்து. அவர் குரலில் இருந்தது பரிதாபமா மரியாதையா என்று சொல்ல முடியவில்லை.

"ஆமா சார். என் தப்புதான். வாழைப்பழம் சாப்பிட்டுட்டுக் கூட்டுக்கிட்ட போயிட்டேன். உங்களுக்குத் தெரியாததா!"

ஹால்வர்சன் வாழைப்பழங்களைப் பார்த்தார். பிறகு கோல்பியைப் பார்த்தார். "தெரியும், தெரியும்," என்றபடி சீப்பை அப்படியே தூக்கி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

தேனீ வளர்க்கிறவர் மேசையில் வாழைப்பழம் எதற்கு? சோதனையாக இருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டான் கோல்பி.

கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. ஆலங்கட்டி மழையைப் பற்றி மூன்றே கேள்விகள். மற்றதெல்லாம் தேனீ.

"பனிக்காலத்துல அதுங்க... எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார். உருண்டையா ஒட்டிக்கிட்டு உடம்பை நடுக்கிச் சூடு உண்டாக்கும்."

"ஓ!" என்று அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "ராணியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"உடம்பு நீளமா இருக்கும் சார்."

அதையும் எழுதினார், அடிக்கோடு வேறு போட்டார். எவ்வளவு நுணுக்கமாக மார்க் போடுகிறார் மனிதர் என்று கோல்பிக்கு வியர்த்தது. நான்கு நாளில் படித்ததெல்லாம் தீர்ந்துகொண்டே வந்தது. நெஞ்சு உறுத்தவும் ஆரம்பித்தது. இப்படி ஒரு நல்ல மனிதரை ஏமாற்றியா அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்?

"சார், அந்தத் தேனீ விஷயத்துல உங்ககிட்ட ஒரு உண்மையைச்..."

"வேண்டாம்!" ஹால்வர்சன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "நான் உங்களைக் கேக்கற மாதிரி நீங்க என்னைக் கேக்க ஆரம்பிச்சா பொழுது போயிடும். நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்க முதலாளியம்மாவுக்கு மொட்டை மாடியில தேனீ வளர்க்கணும்னு ஆசை. ஆபீஸ்ல தேனீ தெரிஞ்ச ஆள் நான்தானேன்னு பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. ஆறு கூடு. திங்கட்கிழமை வருது. எனக்கு இருக்கிற வேலையில..." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பார்த்துக்குவீங்களா? வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமையே சேர்ந்துடுங்க."

கோல்பி எப்போது சரி என்றான், எப்படிக் கை குலுக்கினான் என்பது அவனுக்கே தெரியாது. லிஃப்ட் கீழே இறங்கும்போதுதான் விஷயம் உறைத்தது. வான்கோழியிலிருந்து தப்பித்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் தேனீக்களிடம் மாட்டியிருக்கிறான். முதல் நாளே குட்டு உடையும். அதுவும் முதலாளியம்மாள் முன்னால்.

வரவேற்பில் மாவிஸ் அம்மாள் வேலைக்குச் சேரும் படிவத்தை நீட்டினார். கோல்பி பேனாவை எடுத்தான், வைத்தான்.

"முடியாது மேடம். மனசு கேக்கல. எனக்குத் தேனீ வளர்க்கத் தெரியாது. புதன்கிழமைதான் முதல் முதலா ஒரு கூட்டையே பார்த்தேன். யூனிவர்சிட்டியில கொடுத்த மாதிரித் தாள்ல கடைசி வரியை அழிக்க மறந்துட்டேன், அவ்வளவுதான். மேல போய் சார்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

மாவிஸ் நிதானமாக எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். மேல் மாடியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"பாவம் தம்பி, அவர்கிட்ட போய்ச் சொல்லிடாதீங்க. இந்தப் பதிமூணு வருஷத்துல தனக்கு உதவ நிஜமாவே தேனீ தெரிஞ்ச ஒருத்தன் வந்துட்டான்னு இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கார், அதே கடைசி வரியை அழிக்க மறந்து இங்க வேலைக்கு வந்த மனுஷன்!"