மாமா சாவில் விழுந்த மொய்

"தஃபோ ஊர் சிமெண்ட் வியாபாரிகள் சங்கம், இருபதாயிரம் சிடி!" ஒலிபெருக்கி அலறியது. பந்தலே கை தட்டியது. "சங்கத் தலைவர் எங்கேப்பா? எந்திரிச்சு நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்படியொரு சங்கம் இருந்தால்தானே?

மொய் மேசையில் ரசீது எழுதும் செர்வா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அசூமிங்குக்கு வியர்த்துக் கொட்டியது. அரசாங்க அலுவலகத்தில் ஒப்பந்தங்களைப் பார்க்கிறவன் அவன். ஒப்பந்தக்காரர்கள் அன்போடு திணித்த சிடி நோட்டெல்லாம் வீட்டு மெத்தைக்குள் கிடந்தது. வங்கிக்குக் கொண்டுபோனால், "இது எங்கேயிருந்து வந்தது சார்?" என்று ஒரு சின்னப் பெண் கேட்கிறாள். புதுச் சட்டமாம். பணத்தை வெளியே காட்ட முடியாததால் பாதி கட்டிய வீடு கூரையில்லாமல் மழையில் நனைகிறது. மெத்தை மேடும் பள்ளமுமாகி, மனைவி தரையில் படுக்கிறாள்.

இந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் கண்ணை மூடினார். அசூமிங் மனதார அழுதான். அதே அளவு சந்தோஷமும் பட்டான். "சாவுச் செலவு பூரா என்னுது. வர்ற மொய்யும் என்னுது" என்று குடும்பத்தாரிடம் பேசி முடித்தான். தன் பணத்தையே இல்லாத ஆட்கள் பெயரில் மொய்யாக வைத்து, ரசீது போட்டு, மைக்கிலும் அறிவித்துவிட்டால் எந்த வங்கி கேள்வி கேட்கும்?

"கூச்சப்படாதீங்க தலைவரே!" மைக் பிடித்தவன் விடுவதாக இல்லை.

அசூமிங் வாசலுக்கு ஓடினான். அங்கே ஜொல்லோஃப் சோறு தின்றுகொண்டிருந்த டாக்சிக்காரனைப் பிடித்து இழுத்தான்.

"நீதான்டா சிமெண்ட் சங்கத் தலைவர். போய் நில்லு."

"என்ன தருவீங்க?"

"இன்னொரு தட்டு சோறு."

"கறியோட?"

"கறியோட! போடா!"

டாக்சிக்காரன் போய் நின்றான். மைக்கில் "கொஜோ" என்று பெயர் சொன்னான். கேட்காமலேயே ஓர் ஆட்டமும் ஆடினான்.

அடுத்து மரக்கடை முதலாளிகள், நாற்பதாயிரம். மறுபடியும், "தலைவர் எங்கே?" அசூமிங் யாரோ ஒருவரின் சிவப்புத் துணியை உருவி டாக்சிக்காரன் மேல் போர்த்தி அனுப்பினான். இந்த முறை அவன் தன்னை "க்வாக்கு" என்றான்.

"இதே ஆளுதானே இப்ப ஆடினான்?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"அது இவன் அண்ணன்மா. இரட்டைப் பிள்ளைங்க" என்றான் அசூமிங்.

"அண்ணன் பேரு கொஜோன்னா, திங்கக்கிழமை பொறந்தவன். தம்பி பேரு க்வாக்குன்னா, புதன்கிழமை. நடுவுல செவ்வாக்கிழமை பூரா பெத்தவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

"கஷ்டமான பிரசவம்மா."

சிரிப்பு அடங்குவதற்குள் குடும்பத் தலைவர் ஒபிரி எழுந்து மைக்கை வாங்கினார்.

"இவ்வளவு மொய்யை இந்தக் குடும்பம் பாத்ததே இல்ல. பாவம், செலவு பூரா தானே சுமக்கிறேன்னு நம்ம அசூமிங் சொன்னான். ஒத்த ஆளு தலையில இவ்வளவு பாரத்த ஏத்தலாமா? இனிமே செலவு குடும்பத்துது. மொய்யும் குடும்பத்துது!"

"ஐயோ, வேணாம் தலைவரே! நானே சுமக்கிறேன்!"

"பாத்தீங்களா, என்ன மனசு!" பந்தலில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இல்ல, அந்தப் பணம்..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். என்னுடையது என்றால், எங்கேயிருந்து வந்தது என்று இங்கேயும் கேட்பார்களே! அவன் கண் முன்னாலேயே நாலு பேர் பணப்பெட்டியைக் குடும்ப வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அசூமிங் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மாமாவுக்குக்கூட அவன் அப்படி அழவில்லை.

செர்வா அக்கா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதடா. உன் மாமாவும் அவரோட மாமா சாவுல இப்படித்தான், இல்லாத ஆளுங்க பேர்ல மொய் வச்சாரு. பின்ன, இந்தக் குடும்ப வீட்டுக்கு மாடி எப்படி வந்துச்சுன்னு நெனச்சே?"