எங்கள் வீட்டு மாடியில் ஆஸ்திரேலியா

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருஷமாகத் தயங்கினேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை விரதம், வீட்டு வேலை, அம்மன் கோயில் என்று இருப்பவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இல்லை.

இந்தத் தமிழ்நாட்டிலேயே அதிகம் சாபம் வாங்கிய பெண் யார் என்று கேட்டால், அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஆஸ்திரேலியா என்றுதான் சொல்வேன். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. தபால்காரர் மட்டும் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். தெருவுக்கு அவள் ஆஸ்திரேலியா. சின்னவர்களுக்கு ஆஸ்திரேலியாக்கா.

அவள் ஊரிலும் அவள் நடிகைதான். பத்து வருஷம் மேடை நாடகம், மூன்று வருஷம் டிவி தொடரில் நர்ஸ் வேஷம். அந்த நர்ஸைக் கதையில் கார் ஏற்றிக் கொன்றுவிட்டார்களாம். வேலையில்லாமல் இருந்தவளை, வெள்ளைக்காரன் காலத்துக் கதை எடுத்த ஒரு தமிழ்ப் படக் கம்பெனி துரைசாணி வேஷத்துக்கு அழைத்து வந்தது. படம் பாதியில் நின்றது. கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் காலையில் காணாமல் போனார்கள். அந்தப் படத்துக்குத் துணி தைத்த எங்கள் தெரு டைலர் அண்ணன், இரண்டு பெட்டியும் ஒரு தொப்பியுமாக அவளை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பத்து நாள் மாடியில இருக்கட்டும்மா. படத்த திரும்ப ஆரம்பிச்சிடுவாங்க."

பதினான்கு வருஷம் இருந்தாள்.

முதல் ஆறு மாதம் கையால் பேசினாள். அப்புறம் தண்ணீர் லாரி வரிசையில் நின்று தமிழ் படித்தாள். அந்த வரிசையில் என்ன தமிழ் கிடைக்குமோ அதுதான் வந்தது. ஒரு நாள் அவசரத்தில் என் குடத்தை அவள் குடத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன்.

"இன்னா யக்கா, மரம் மாறி நான் ஒருத்தி நின்னுகினு கீறேன், நீ பாட்டுக்கு குடத்த சொருவுற? ஊட்டுக்காரின்னா லாரி உன் மாமியார் ஊட்டு சீதனமா?"

வரிசையே சிரித்தது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

இந்தத் தமிழால்தான் அவளுக்குத் தொழிலில் கஷ்டம் வந்தது. சினிமாவில் வெள்ளைக்காரி என்றால் தமிழைக் கடித்துத் துப்பவேண்டும். இவள் பேசினால் அம்பத்தூர் மார்க்கெட்டில் மீன் வாங்குகிற மாதிரி இருக்கும். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொள்வாராம். அதனால் படப்பிடிப்புக்கு முந்தின நாள் எல்லாம் மொட்டை மாடியில் தமிழை மறக்கிற பயிற்சி நடக்கும். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் லேத் வேலை முடிந்து வருகிற என் வீட்டுக்காரர்தான் வாத்தியார்.

"நான் உன்னே சுட்டுத் தல்லுவேன், கருப்பு நாயே!"

"சூப்பரா கீதும்மா."

"இன்னும் கேவலமா பேசணும் நைனா. நேத்து அந்தாளு, 'நீ பேசறது புரியுது'ன்னு திட்டினாரு."

படத்துக்குப் படம் அவள் கலெக்டர் பெண்டாட்டியாக வந்து யாரையாவது சாட்டையால் அடிப்பாள். கடைசியில் செத்துப்போவாள். டிவி தொடரில் கதாநாயகியின் புருஷனை மயக்கிய வெளிநாட்டுக்காரியாக இரண்டு வருஷம் வந்தாள். அந்த இரண்டு வருஷமும் அவளால் ஷேர் ஆட்டோவில் நிம்மதியாக ஏற முடியவில்லை. கள்ளிக்குப்பத்தில் ஒரு அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "இவ கீற வண்டியில நான் வரமாட்டேன், குடி கெடுத்தவ" என்று இறங்கியே போய்விட்டாராம். அன்றைக்கு ஆஸ்திரேலியா வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் குதித்தாள்.

"எங்க ஊர்ல விருது குடுப்பாங்கோ யக்கா. இது அத்த விட பெர்சு!"

எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் டைலர் அண்ணன் ஒரு நாடகம் போடுவார். கதை, பாட்டு, துணி எல்லாம் அவரே. அம்மனுக்கு வைத்த கூழ்ப்பானையை ஒரு துரைசாணி எட்டி உதைப்பாள். உடனே அவள் கண் போய்விடும். "அய்யோ, எனுக்கு கன்னு தெர்லே" என்று உருண்டு புரளுவாள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் பார்வை வந்து அம்மன் காலில் விழுவாள். கூலி என்று ஒன்றும் கிடையாது, ஒரு தூக்கு கூழ்தான். ஆனாலும் எந்தப் படப்பிடிப்பு இருந்தாலும் ஆடி மாதம் அவள் தெருவில் இருப்பாள். நடிக்கிறவர்கள் எல்லோரையும் போல அவளும் கையில் காப்புக் கட்டிக்கொள்வாள். மஞ்சள் கயிறுதான். ஆனால் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தெரு எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் தெருவில் யாரும் தாண்டியதில்லை.

அவள் நடித்த கடைசி வருஷம், காலையிலிருந்தே தலைவலி என்றாள். "லைட்ட சுத்தி கலர் கலரா வட்டம் தெரியுது யக்கா." நான் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன். "வெய்யிலு. மோர் குடிச்சிட்டுப் படு" என்றேன்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் நாடகம் தொடங்கியது. நான் முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் பானையை உதைத்தாள். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். மேடைக்குப் பக்கத்திலிருந்து டைலர் அண்ணன், "இன்னாமா நடிக்கிறா பாரு!" என்று பூரித்துப்போனார். கூட்டம் கை தட்டியது.

அப்போது அவள் கத்தினாள்.

"யக்கா! நெசமாவே கண்ணு தெரில யக்கா! தல வெடிக்குது! டாக்டராண்ட இட்டுகினு போங்க!"

துரைசாணிக்கு அந்தத் தமிழ் கிடையாது. அது தண்ணீர் லாரி தமிழ். கடித்துத் துப்புவதற்கு அவளுக்கு நேரம் இருக்கவில்லை. அது நடிப்பு இல்லை என்று கூட்டத்தில் எனக்கு மட்டும் புரிந்தது. என்னைத்தான் கூப்பிட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை. வலி நிஜம்தான், ஆனால் அம்மன் அவள் மேல் இறங்கியதால் வந்த வலி என்று நினைத்தேன். உடம்பு சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் குலவை போட்டார்கள், நானும் போட்டேன். பூசாரி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரையும் அவள் கண்ணிலேயே ஊற்றினார்.

வீட்டுக்குத் தூக்கி வந்து படுக்க வைத்தோம். என் வீட்டுக்காரர், "ஆட்டோ கூப்பிடட்டா?" என்று கேட்டார்.

"காப்பு கட்டி கீது. நாளை மறுநாள் அவுக்கறாங்க. அதுவரைக்கும் எல்ல தாண்டக் கூடாது" என்றேன்.

"அவ வெள்ளக்காரிம்மா. அவளுக்கு இன்னா காப்பு?"

"கயிறு அவ கையில தான கீது?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவுத்துடு யக்கா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் அவள் நெற்றியில் விபூதி பூசினேன். அவள் நினைத்திருந்தால் பல்லால் அறுத்துப் போட்டிருக்கலாம். எங்கள் தெருவில் யாரும் அறுத்ததில்லை என்பதால் அவளும் அறுக்கவில்லை.

மூன்றாம் நாள் காப்பை அவிழ்த்த கையோடு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார்கள். வலது கண் ஏற்கெனவே பல மாதமாக மங்கிக்கொண்டிருந்ததாம். அவள் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். தெரிந்தால் வேஷம் கொடுக்க மாட்டார்களே. அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. "அன்னைக்கே வந்திருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்காமல் நான் இன்று வரை தூங்கியதில்லை.

மிச்சமிருந்த வலது கண் பார்வையும் போனது. அவளைக் கீழே எங்களோடு வைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் இருந்தாள். கண் போனாலும் வாய் போகவில்லை. யாரோ சொல்லி ஒரு தொடரில் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரிக்கு இல்லை, மார்க்கெட்டில் சண்டை போடுகிற ஒரு மீன்காரிக்கு. டிவியில் அந்தச் சண்டை வந்தபோது தெருவே, "யாரு இது, அசல் நம்ம ஊரு பொம்பள" என்றது. அவள் என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

ஒரு நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் விரலால் தடவித் தடவி என்னைவிடச் சுத்தமாக ஆய்வாள். மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நீ நெசமா கத்தறேன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் எழுந்து வரல."

அவள் கை நின்றது.

"எனக்குந் தெரியும் யக்கா. உன் கொலவ சத்தம் தனியா கேட்டுச்சு."

அப்புறம் கீரையை எடுத்துக்கொண்டு, "நீ எழுந்து வந்திருந்தா சீனு கெட்டுப் பூட்டிருக்கும். அவ்ளோ கைத்தட்டு என் சர்வீஸ்லயே வாங்கினதில்ல" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். அவ்வளவு மோசமாக அவள் நடித்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்கழியில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். என் கை அவள் கையில் இருந்தது.

போன வாரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியது என் சொந்த நாத்தனார். "அம்மனைக் கேலி செய்த வெள்ளைக்காரப் பெண் மேடையிலேயே பார்வை இழந்தாள். மூன்றாம் நாள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்வை பெற்றுத் தன் நாடு திரும்பினாள். பதினொரு பேருக்கு அனுப்புங்கள்." செய்திக்கு மேலே கூழ்ப்பானையும் அவள் முகமும் இருக்கிற ஒரு போட்டோ. ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருப்பார்கள். செத்த பிறகும் அவளுக்குச் சாபம் விழுந்துகொண்டிருக்கிறது.

அம்மன் அப்படிப்பட்டவள் இல்லை. நாற்பது வருஷமாக வெள்ளிதோறும் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? கூழுக்காக நடித்தவள் கண்ணை அவள் எடுக்க மாட்டாள். எடுத்தது எங்கள் பயம். அதிலும் என் பயம். மன்னிப்புக் கேட்டவள் நான். பார்வை வரவில்லை. அவள் எந்த நாட்டுக்கும் திரும்பவில்லை.

அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால், அனுப்பியவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு வார்த்தை கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். என் தப்பைச் சொல்கிற இடத்தை அழுத்தமாகவே படியுங்கள். வெள்ளைக்காரப் பெண் என்று மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள். எந்த ஊர் என்று யார் கேட்டாலும், அவள் மேனாம்பேடு என்றுதான் சொல்வாள்.