முதலில் மூத்தவள்

மாப்பிள்ளை வீட்டார் லிஃப்டில் ஏறிவிட்டதாகக் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் காவலாளி கீழேயிருந்து சொன்னபோதும் தில்லையம்பலத்தாருக்கு வழி பிறக்கவில்லை. அவர்கள் வருவது இளையவள் லக்ஷ்மிப்பிரியாவைக் கேட்டு. மூத்தவள் ஸ்ரீஜா இன்னும் கல்யாணமாகாத குமர். அவர் பரம்பரையில் மூத்தவள் இருக்க இளையவள் கழுத்து நீட்டியதில்லை.

"முதல் நீ, பிறகு அவள். அதுதான் உலகத்தின்ரை ஒழுங்கு!"

"அப்பா, குவாண்டம் உலகத்திலை எது முதல், எது பிறகு எண்டு நிச்சயமில்லாமலும் இருக்கலாம். அதைத்தானே நான் ஆராய்ச்சி செய்யிறன்."

"வெள்ளவத்தையிலை இருக்கேலாது!"

மாப்பிள்ளையின் தாய் ரமணி உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான். "மூத்தவவுக்கு ஒண்டும் சரிவரேல்லையோ?"

"பேசி முடிச்சாச்சு."

"ஆரோடை?"

ஸ்ரீஜாவுடன் ஆராய்ச்சி செய்யும் விஷ்வா, மூலையில் மடிக்கணினியோடு இருந்தான். தில்லையம்பலத்தாரின் விரல் அவன் பக்கம் நீண்டது. விஷ்வா மறுக்கவில்லை, தேநீர்தான் புரையேறியது.

"தம்பி என்ன ஆராய்ச்சி?"

"ஒரு ஒளித்துகளுக்கு ரெண்டு வேலை குடுப்பம், அன்ரி. எது முதல் எண்டு தீர்மானிக்காமலே ரெண்டையும் செய்து முடிக்கும். காரணம் எது, விளைவு எது எண்டு பிரிக்கேலாது."

"எங்கட இவரும் அப்பிடித்தான். ஒண்டையும் தீர்மானிக்கமாட்டார்," என்றார் ரமணி. 'இவர்' மிக்சரில் கைவைத்தார்.

"ஆனால் பேச்சு முறியலாம்தானே? மூத்தவவின்ரை முடியட்டும், பிறகு வாறம்." ரமணி கைப்பையை எடுத்தார். லக்ஷ்மிப்பிரியாவின் கண் கலங்கியது.

கௌரவத்தோடு மகளின் வாழ்வும் வாசலைத் தாண்டப் போவதைத் தில்லையம்பலத்தார் கண்டார்.

"முறியாது! பதிவுத் திருமணம் தையிலேயே முடிஞ்சுது. தாலிதான் கட்டவேணும்."

"முடிஞ்சுதோ? ஒளிச்சே செய்தனீங்கள்? அப்ப என்னவோ சிக்கல் இருக்கு. சாட்சிக்கு ஆர் கையெழுத்து வச்சது?"

தில்லையம்பலத்தாரின் எவருக்கும் வளையாத முதுகு சோபாவில் சரிந்தது. ஸ்ரீஜா தரையைப் பார்த்தாள். விஷ்வா கணினியை மூடினான்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை கஜன், கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தான்.

"தை இல்லை மாமா, மாசி. சாட்சிக்குக் கையெழுத்து வச்சது நான்தானே."