பிரேக் போட்ட நதி

நடன வகுப்பில் முன்னால் ஆடியவர் சற்றே நெருங்கியதும் டிரைவிங் மாஸ்டர் தன் வலது காலைத் தரையில் ஓங்கி அழுத்தி அப்படியே நின்றுவிட்டார். பின்வரிசை நிற்கவில்லை. மருந்துக்கடைப் பெண் அவர் முதுகில் மோத, அவள்மேல் தையல்காரர் மோத, அவர்மேல் தபால்காரர் மோத, வழுவழு தரையில் மூவரும் ஒரே மூட்டையாகக் கிடந்தார்கள்.

"ஏன் சார் திடீர்னு நின்னீங்க?" என்றாள் மருந்துக்கடைப் பெண், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு.

"இடைவெளி விட்டு வந்திருந்தா இடிச்சிருக்க மாட்டீங்கம்மா."

டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் உள்ள தனி பிரேக்கை மிதித்தே பிழைப்பவர் அவர். அவர் மறந்தாலும் கால் மறக்காது.

நடனம் அமைக்கக் கற்றுத்தரும் இந்த ஆரம்ப வகுப்பில் அவர் சேர்ந்ததற்குக் காரணம் மனைவி. ஒரு விருந்தில் ஆடும்போது அவள் காலை மிதித்துவிட்டார். "உங்க உடம்புல தாளமே கிடையாது. பேசாம உக்காருங்க" என்றாள். அவள் வாயாலேயே 'நல்லா இருந்துச்சு' என்று சொல்ல வைப்பதென்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவர்.

மூவரையும் விழவைத்த பாவத்துக்கு ஐஸ் வாங்க அவரே ஓடினார். திரும்புவதற்குள் டீச்சர் அடுத்த மேடை நிகழ்ச்சிக்கான பாடத்தைச் சொல்லி முடித்துவிட்டார்.

"என்ன பாடம்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சின்னதா ஒரு நடனம் அமைக்கணும். நாம நாலு பேரும் ஒரு குழு" என்றார் தையல்காரர்.

"நான் என்ன பண்ணணும்?"

"நீங்க எப்பவும்போல இருங்க சார், அது போதும்" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தலைமைப் பொறுப்பு! அதுவும் விழவைத்தவனிடமே. என்ன பெருந்தன்மை!

"தலைப்பு, நதி" என்று அறிவித்துவிட்டு, கைகளை அலையலையாக விட்டு ஓடிக் காட்டினார். நடுவில் கால் பிரேக் போட்டது. மூவரும் பிரேக் போட்டார்கள்.

"அது வேணாம், அது என் கால் பண்ற சேட்டை" என்று விரலை ஆட்டினார். மூவரும் விரலை ஆட்டினார்கள்.

கால் எழும்பாமலிருக்க மறுநாள் கனத்த பூட்ஸ் மாட்டி வந்தார். பூட்ஸோடு போட்ட பிரேக்கில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதற்கு மறுநாள் மூவரும் பூட்ஸில் வந்தார்கள். கியர் மாற்றத் துடித்த வலது கையைப் பாக்கெட்டில் திணித்தார்; மூன்று கைகள் பாக்கெட்டுக்குள் போயின. உட்கார்ந்தால் கால் அடங்குமென்று நாற்காலி போட்டார். உட்கார்ந்ததும் கால் சொந்த வீட்டுக்கு வந்ததுபோலக் குஷியாகிவிட்டது. தபால்காரர் போய் மூன்று நாற்காலி தூக்கி வந்தார்.

சொல் பேச்சு கேட்பதிலும் ஒரு அளவு வேண்டாமா?

"டீச்சர், நதி சரியா வருதா?"

"ரொம்பக் கூர்ந்து கவனிச்சிருக்காங்க" என்றார் டீச்சர்.

"பாக்கறவங்களுக்கு நதின்னு தெரியுமா?"

டீச்சருக்கு அந்நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

அமைத்தவர் ஆடக்கூடாது என்று தானே முடிவெடுத்து, நிகழ்ச்சியன்று திரையோரம் நின்றார். முன்வரிசையில் மனைவி. மூன்று நாற்காலிகள். மூன்று பூட்ஸும் ஒரே நொடியில் தரையில் இறங்கின. விரல்கள் ஆடின, கைகள் பாக்கெட்டுக்குள் புகுந்தன, மறுபடி பூட்ஸ். சிரித்த கூட்டம் சிறிது நேரத்தில் அந்தத் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கியது. முடிந்ததும் எழுந்து நின்று தட்டியது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எப்படி?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அந்தக் கால்ல என்ன ஒரு தாளம்!"

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நதி தெரிஞ்சுதா?"

"எந்த நதி?"

நிமிர்ந்தது சற்றே தாழ்ந்தது. பக்கத்தில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த மருந்துக்கடைப் பெண்ணிடம் திரும்பினார். "டீச்சர் இருமுறாங்க, இவ எந்த நதிங்கறா. நீயாவது பட்டுனு சொல்லிடும்மா. நான் எங்க தப்பு பண்ணேன்?"

"நீங்க தப்பே பண்ணல சார். கூட இருக்கிற ஒருத்தர் எப்படி அசையறார்னு பாத்து, அதை நடனமாக்கணும்கறதுதான் பாடம். நாங்க ஆடினது உங்களத்தான்."